கறுப்பு எண்கோணத்தின் கீழ்: உடற்பருமனை எதிர்க்கும் சட்டங்களும் அவற்றின் விளைவுகளும்

சிலி நாட்டின் தலைநகரான சாந்தியாகோவின் பல்பொருள் அங்காடிகளில், தானிய உணவுப் பெட்டிகளும் பிஸ்கட் பொட்டலங்களும் அடுக்கிய தட்டுகளில், எண்கோண வடிவக் கறுப்பு முத்திரைகள் ஒன்றும் இரண்டும் மூன்றுமாக வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொரு முத்திரையிலும் 'சர்க்கரை மிகுதி', 'கலோரி மிகுதி', 'சோடியம் மிகுதி', 'நிறைவுற்ற கொழுப்பு மிகுதி' என்ற எச்சரிக்கைகளில் ஒன்று வெள்ளை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. உலகெங்கும் குழந்தைகளுக்கு அறிமுகமான புலிச் சித்திரம் அங்கே சர்க்கரை பூசிய சோள அவல் பெட்டியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டையை அந்நாட்டில் விற்கவே முடியாது. பள்ளி வளாகத்துக் கடையில் முத்திரை பெற்ற எந்தப் பண்டத்துக்கும் இடமில்லை.

எந்த நிறுவனமும் தானாக முன்வந்து செய்த மாற்றமல்ல இது. மருத்துவரும் மேலவை உறுப்பினருமான கீடோ கிரார்தி முதலியோர் உணவுத் தொழில்துறையின் கடும் எதிர்ப்புக்கிடையே ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பயனாக 2012-ல் இயற்றப்பட்டு, 2016 ஜூன் 27 அன்று நடைமுறைக்கு வந்து, 2019 வரை மூன்று கட்டங்களாக இறுக்கப்பட்ட 20.606-ஆம் எண் சட்டத்தின் விளைவு அது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ சேர்த்துத் தயாரிக்கப்பட்ட 100 கிராம் திட உணவில் சர்க்கரை 10 கிராமையும், சோடியம் 400 மில்லிகிராமையும், நிறைவுற்ற கொழுப்பு 4 கிராமையும், ஆற்றல் 275 கலோரியையும் தாண்டினால், தாண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை என்பது சட்டத்தின் இறுதிக் கட்ட அளவுகோல். முத்திரை விழுந்த பண்டத்தைப் 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஈர்க்கும் வகையில் விளம்பரப்படுத்த முடியாது.

உடற்பருமனைப் பற்றிய பொதுப்பேச்சு நெடுங்காலமாக உண்பவரின் நாவடக்கத்தைப் பற்றியதாகவே இருந்துவந்திருக்கிறது. குறைவாக உண்ணுங்கள், நிறைய நடங்கள் என்ற அறிவுரை உண்மையானதுதான். ஆனால் ஒரு நாட்டின் சராசரி எடையை அந்த அறிவுரை மட்டும் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கடந்த 15 ஆண்டுகளில் ஓரளவேனும் பலன் காட்டிய கொள்கைகள் அனைத்தும், சட்டத்தின் பார்வையை உண்பவரிடமிருந்து தயாரிப்பவர் மீதும் விற்பவர் மீதும் விளம்பரம் செய்பவர் மீதும் திருப்பியவை.

பெருகிய எடை

மனிதரின் எடையைக் கிலோகிராமில் கணக்கிட்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல்நிறைக் குறியீட்டு எண். அது 25-ஐ எட்டினால் அதிக எடை என்றும் 30-ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் உலக சுகாதார அமைப்பு வகைப்படுத்துகிறது. தெற்காசியர்களின் உடலில் குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து நீரிழிவுக்கு வழிவகுப்பதால், இந்திய மருத்துவர்கள் 23-ஐயும் 25-ஐயுமே வரம்புகளாகக் கொள்கின்றனர். தனிமனிதரின் உடல்நலத்தை அளக்க இந்த எண் போதாது என்றாலும், மக்கள்தொகை முழுவதன் போக்கை அறிய இதைவிட எளிய கருவி இல்லை.

┌──────────
எண்கள் சொல்வது
● 2022-ல் உலகில் உடற்பருமனுடன் வாழ்ந்தவர்கள் 100 கோடிக்கும் மேல். அவர்களில் சுமார் 16 கோடிப் பேர் 5 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்கள்.
● 1990-க்குப் பின் பெரியவர்களிடையே உடற்பருமன் விகிதம் இரு மடங்குக்கு மேலாகவும், வளரிளம் பருவத்தினரிடையே நான்கு மடங்காகவும் உயர்ந்திருக்கிறது.
● பள்ளி வயதுக் குழந்தைகளிடையே உடற்பருமன் விகிதம் எடைக்குறைவு விகிதத்தை உலக அளவில் முதன்முறையாக முந்திவிட்டதாக யுனிசெஃப் 2025-ல் அறிவித்தது.
● 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, குறியீட்டு எண் 25-ஐ எட்டிய பெண்கள் இந்தியாவில் 24 விழுக்காடு, தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு. ஆண்களில் இது முறையே 22.9, 37.
└──────────

ஒரு தலைமுறைக் காலத்தில் மனித இனத்தின் மரபணுக்கள் மாறிவிடவில்லை; மன உறுதி எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் தளர்ந்துவிடவும் இல்லை. உடலுழைப்பு குறைந்ததும், வேலையும் பயணமும் உட்கார்ந்தபடியே நடப்பதும், எண்ணெய், சர்க்கரை, மாவு ஆகியவற்றைத் தொழிற்சாலையில் பிரித்தெடுத்து நிறமும் மணமும் சேர்த்து மீண்டும் கூட்டிய அதீதப் பதப்படுத்தல் உணவுகள் மலிவாகவும் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்திலும் கிடைப்பதும் ஒருங்கே நிகழ்ந்திருக்கின்றன. இவற்றுள் அரசாங்கத்தின் கை உடனடியாக எட்டக்கூடியது மூன்றாவது காரணமே.

ஒரு லிட்டருக்கு ஒரு பெசோ

பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் அதிக எடையுடனோ உடற்பருமனுடனோ வாழும் மெக்சிகோ, 2014 ஜனவரி 1 முதல் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி விதித்தது. விலை ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்தது. கோக-கோலா நிறுவனத்தின் மெக்சிகோ கிளைக்குத் தலைமை வகித்த விசென்டே ஃபாக்ஸ் 2000-ல் நாட்டின் அதிபராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை நினைவில் கொண்டால், குளிர்பானத் தொழில் அந்நாட்டின் பொதுவாழ்வில் எத்துணை ஆழமாக வேரோடியிருந்தது என்பதும், அந்தச் சிறு வரிக்கு எவ்வளவு அரசியல் துணிவு தேவைப்பட்டது என்பதும் விளங்கும்.

வரி விதித்த முதல் ஆண்டில் அத்தகைய பானங்களின் கொள்முதல், வரியில்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைக் காட்டிலும் 5.5 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் 9.7 விழுக்காடும் குறைந்ததாக மெக்சிகோவின் தேசியப் பொதுச் சுகாதார நிறுவனமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய ஆய்வு கண்டறிந்தது. மிகுதியாகக் குறைத்துக்கொண்டவை ஏழைக் குடும்பங்கள். இக்கண்டறிதலை இரு தரப்பும் தத்தம் வாதத்துக்குப் பயன்படுத்துகின்றன: ஏழையின் சட்டைப்பையைக் குறிவைக்கும் வரி இது என்கிறது தொழில்துறை, நீரிழிவு வந்தபின் சிகிச்சைச் செலவில் நொடித்துப்போவதும், கால் இழப்பதும், சிறுநீரகம் பழுதாவதும் ஏழைகளிடத்தில்தான் மிகுதி என்பதால் நோயின்மையின் பலனும் முதலில் அவர்களுக்கே சேரும் என்கிறது மறுதரப்பு. இரண்டாவது வாதமே வலுவானது. ஆனால் அது முழுமை பெற ஒரு நிபந்தனை உண்டு. குழாய்நீரை நம்பிக் குடிக்க முடியாத ஊரில் குளிர்பானத்தின் விலையை மட்டும் உயர்த்துவது தாகத்துக்குத் தீர்வாகாது. வரிப்பணத்தைக் கொண்டு பள்ளிகளில் குடிநீர் வசதி செய்து தரவேண்டும் என்று அன்று போராடியவர்கள் கேட்டதன் நியாயம் இதுவே.

அந்தப் போராட்டத்தில் முன்னின்ற ஆய்வாளர், நுகர்வோர் இயக்கத்தினர் சிலரின் கைப்பேசிகளில் அரசுகளுக்கு மட்டுமே விற்கப்படும் பெகாசஸ் உளவு மென்பொருளைச் செலுத்தும் முயற்சி நடந்ததை டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2017-ல் வெளிப்படுத்தியது. சர்க்கரைக்கு வரி கேட்டவர்கள் பயங்கரவாதிகளைப் போல உளவுக்கு இலக்காக்கப்பட்டது பொதுச் சுகாதார வரலாற்றில் மறக்கக்கூடாத நிகழ்வு.

மெக்சிகோ பின்வாங்கவில்லை. 2020 அக்டோபரில் சிலியைப் பின்பற்றிக் கறுப்பு எண்கோணங்களைக் கட்டாயமாக்கியது. 2025 மார்ச்சில் பள்ளிகளில் குளிர்பானங்களையும் நொறுக்குத்தீனியையும் தடைசெய்தது. 2026 முதல் வரியை லிட்டருக்கு 3 பெசோவுக்கு மேல் உயர்த்தியிருக்கிறது.

தானாகத் திருந்தாத சந்தை

கட்டாயச் சட்டத்தின் வலிமையையும் நல்லெண்ண உடன்படிக்கையின் பலவீனத்தையும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பைப் பிரிட்டன் வழங்கியிருக்கிறது. 2016 மார்ச்சில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் அறிவித்து, 2018 ஏப்ரல் 6 முதல் வசூலிக்கப்பட்ட குளிர்பானத் தீர்வை, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் கீழ் சர்க்கரை இருந்தால் வரியில்லை என்றும், 5 கிராம் முதல் 8 கிராமுக்குள் இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ் என்றும், 8 கிராமை எட்டினால் 24 பென்ஸ் என்றும் படிநிலைகளை வகுத்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே விடப்பட்ட இரண்டு ஆண்டுகளில்தான் உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. வரியைத் தவிர்க்க விரும்பிய நிறுவனங்கள் பானத்தின் கலவையையே மாற்றின. தீர்வைக்கு உட்பட்ட வகைப் பானங்களின் சராசரிச் சர்க்கரை அளவு 2015-க்கும் 2020-க்கும் இடையே ஏறத்தாழ 46 விழுக்காடு சரிந்தது. அதே பானத்தை வழக்கம்போல் வாங்கிக் குடித்தவர் எந்த முடிவும் எடுக்காமலேயே குறைந்த சர்க்கரையை உட்கொண்டார்.

அதே ஆண்டுகளில் பிஸ்கட், கேக், தயிர், தானிய உணவு முதலியவற்றில் சர்க்கரையை 20 விழுக்காடு குறைக்கும்படி நிறுவனங்களை அரசு கேட்டுக்கொண்டது, வரியில்லை, தண்டனையில்லை. 2020-ல் கணக்கிட்டபோது குறைந்திருந்தது 3.5 விழுக்காடு. 46, 3.5 என்ற இவ்விரு எண்களுக்கும் இடையிலான தூரத்தை விளக்க நீண்ட கோட்பாடு எதுவும் தேவையில்லை. போட்டி நிறுவனம் இனிப்பைக் குறைக்காத நிலையில் நாம் மட்டும் குறைத்தால் வாடிக்கையாளரை இழப்போம் என்ற அச்சம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருப்பது இயல்பு; எல்லோரையும் ஒரே நாளில் ஒரே விதிக்குள் கொண்டுவருவதன் மூலம் சட்டம் அந்த அச்சத்தை நீக்குகிறது.

எடையில் குளிர்பானத் தீர்வை எதிரொலித்ததா என்ற கேள்விக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் அளித்த விடை கவனமானது: 10, 11 வயதுச் சிறுமியரிடையே உடற்பருமன் விகிதம், தீர்வை இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 8 விழுக்காடு குறைவாக இருந்தது, அதே வயதுச் சிறுவர்களிடமும் பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளிடமும் அத்தகைய குறைவு தென்படவில்லை. குளிர்பானம் ஒன்றை மட்டும் தொட்ட சட்டம் இவ்வளவு செய்ததே பெரிது. இங்கிலாந்தில் 1992 முதல் 2020 வரை 14 உடற்பருமன் செயல்திட்டங்களில் 689 கொள்கை முன்மொழிவுகள் வெளியானதாகவும், அவற்றில் பெரும்பாலானவை தனிமனிதரின் விருப்பத்தை நம்பியவையாகவும் நடைமுறைப்படுத்தும் வழியைச் சொல்லாதவையாகவும் இருந்ததாகவும் ஒரு கல்விசார் மதிப்பாய்வு சுட்டியிருப்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

┌──────────
சர்க்கரை வரி: மூன்று கணக்குகள்
கொள்ளளவு முறை: எத்தனை லிட்டர் என்பதே கணக்கு. வசூல் எளிது, சர்க்கரையைக் குறைக்கத் தூண்டுதல் இல்லை. மெக்சிகோ இம்முறையில் தொடங்கியது.
படிநிலை முறை: சர்க்கரை அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் வரி உயரும். வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுவனங்கள் வந்து நிற்கும். பிரிட்டன் பின்பற்றுவது.
கிராம் முறை: ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் வரி. தென்னாப்பிரிக்கா 2018-ல் 100 மில்லிலிட்டரில் 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட் விதித்தது.
└──────────

சறுக்கிய முயற்சிகள்

டென்மார்க் 2011 அக்டோபரில், நிறைவுற்ற கொழுப்பு 2.3 விழுக்காட்டைத் தாண்டிய உணவுகளுக்கு, கொழுப்பின் ஒரு கிலோவுக்கு 16 குரோனர் என வரி விதித்தது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி என அன்றாடச் சமையலின் அடிப்படைப் பொருள்களையே அது தொட்டதால் மக்கள் எல்லை கடந்து ஜெர்மனியில் வாங்கத் தொடங்கினர்; சிறு வணிகரும் பண்ணையாளரும் எதிர்த்தனர்; 2013 தொடக்கத்தில் வரி கைவிடப்பட்டது. நிறைவுற்ற கொழுப்பின் நுகர்வு சற்றுக் குறைந்திருந்ததாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டியபோதும், அதற்குள் அரசியல் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. வரி விதிக்கப்படும் பொருள் இன்றியமையாததாக இருக்கக்கூடாது, மாற்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்ற பாடத்தைப் பின்னர் வந்த நாடுகள் அங்கிருந்தே கற்றன.

ஜப்பான் 2008-ல் வேறு வழியைத் தேர்ந்தது. 40 முதல் 74 வயதுடையோரின் இடுப்புச் சுற்றளவை ஆண்டுதோறும் அளந்து, ஆண்களில் 85 சென்டிமீட்டரையும் பெண்களில் 90 சென்டிமீட்டரையும் எட்டியவர்களில் பிற நோய்க்கூறுகளும் உள்ளோருக்கு ஆலோசனை வழங்கும் பொறுப்பைக் காப்பீட்டு அமைப்புகளிடம் அது ஒப்படைத்தது. ஆலோசனை பெற்றவர்களின் எடை குறைந்தது மிகச் சிறிதளவே என்றும், இரத்த அழுத்தமோ கொழுப்போ குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை என்றும் 2020-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஜப்பானியரிடையே உடற்பருமன் அரிதாக இருப்பதன் காரணத்தை அளவுநாடாவில் தேடுவதைவிட, 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்று, குழந்தைகளே பரிமாறி ஒன்றாக அமர்ந்து உண்ணும் பள்ளி மதிய உணவிலும், நடந்தும் ரயிலேறியும் அன்றாடம் இயங்கும் நகர வாழ்விலும் தேடுவதே பொருத்தம்.

சிலியின் வெற்றியும் குறையற்றதன்று. முத்திரை பெற்ற பானங்களின் கொள்முதல் முதல் கட்டத்தில் 23.7 விழுக்காடு குறைந்ததும், முத்திரைக்கு இலக்காகும் பண்டங்களின் பங்கு 51 விழுக்காட்டிலிருந்து 44-க்கு இறங்கியதும் உறுதியான சாதனைகள். ஆனால் நிறுவனங்கள் சர்க்கரையை எடுத்த இடத்தில் செயற்கை இனிப்பூட்டிகளை வைத்ததால், சிலிக் குழந்தைகள் அவற்றை உட்கொள்வது அதிகரித்தது; எடையைக் கட்டுப்படுத்த அவ்வினிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் வழிகாட்டியது. இதை முன்னுணர்ந்த மெக்சிகோ, இனிப்பூட்டி சேர்த்த பண்டங்கள் குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல என்ற தனி எச்சரிக்கையைத் தன் உறையில் சேர்த்தது. சிலியின் பள்ளிக் குழந்தைகளிடையே உடற்பருமன் இன்னும் தெளிவாகக் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெருந்தொற்றுக் காலம் பள்ளிகளையும் விளையாட்டுத் திடல்களையும் மூடிவைத்தது அதற்கு ஒரு காரணம்; பல பதிற்றாண்டுகளாகச் சேர்ந்த எடை சில ஆண்டுச் சட்டத்துக்குக் கரைந்துவிடாது என்பது மற்றொன்று.

┌──────────
தமிழர் வாழும் நாடுகளில்
இலங்கை: 2016 முதல் பானப் புட்டிகளில் 100 மில்லிலிட்டருக்கு 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, இடையில் உள்ளவற்றுக்கு அம்பர். 2017 நவம்பரில் ஒரு கிராம் சர்க்கரைக்கு 50 சதம் வரி வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது.
சிங்கப்பூர்: 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரக்குறி, டி பெற்றவற்றை விளம்பரப்படுத்தத் தடை. ஓராண்டுக்குப் பின் கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கும் இது விரிந்தது.
மலேசியா: 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் என்று தொடங்கிய வரி, 2025 ஜனவரி முதல் 90 சென்.
└──────────

இந்தியாவின் முரண்கள்

இந்தியாவுக்குச் சர்க்கரை வரி புதிதன்று. தன் வரியை நலவாழ்வு வரியாக வடிவமைக்கத்தான் அது இன்னும் முன்வரவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. திருத்தத்தில் குளிர்பானங்களுக்கு 40 விழுக்காடு விதிக்கப்பட்டது. முன்பிருந்த 28 விழுக்காட்டையும் 12 விழுக்காட்டுக் கூடுதல் தீர்வையையும் கூட்டினால் வருவதும் அதே 40. புட்டியில் 12 கிராம் சர்க்கரை இருந்தாலும் 4 கிராம் இருந்தாலும் வரி ஒன்றே என்பதால், பிரிட்டனில் நிகழ்ந்த கலவை மாற்றத்துக்கு இங்கே தூண்டுதல் கிடையாது. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்தும், பொட்டலக் காரவகைகள், நூடுல்ஸ் ஆகியவற்றின் வரி 12 விழுக்காட்டிலிருந்தும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எண்ணெய் நுகர்வைப் பத்தில் ஒரு பங்கு குறைக்குமாறு பிரதமர் அவ்வாண்டு பிப்ரவரியில் மக்களிடம் வேண்டியிருந்தார். வேண்டுகோள் குடும்பத்தை நோக்கியும் சலுகை பொட்டலத்தை நோக்கியும் செல்வது கவலைக்குரியது.

உறை முத்திரையின் கதையும் இதைப் போன்றதே. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை வழங்கும் முறையை முன்வைத்தது. நார்ச்சத்தோ பருப்போ சேர்த்திருந்தால் சர்க்கரை மிகுதிக்கான குறை ஈடுகட்டப்பட்டு நட்சத்திரம் கூடும் என்பதும், மிக மோசமான பண்டமும் அரை நட்சத்திரத்தின் பெருமையோடு கடைக்கு வரும் என்பதும் அம்முறையின் அடிப்படைக் குறைகள். எச்சரிக்கை முத்திரையில் ஈடுகட்டலுக்கு வழியே இல்லை. உறை முத்திரை பற்றிய பரிந்துரையை இறுதிசெய்ய 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்தது. கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விற்கக்கூடாது என்ற 2020-ஆம் ஆண்டு விதி அரசிதழில் இருக்கிறது; பள்ளி விடும் நேரத்தில் வாயிலுக்கு எதிரே தொங்கும் பொட்டலச் சரங்களைப் பார்ப்போர் அவ்விதியின் நிலையை உணர்வர். 2016-ல் கேரளம் பெயர் பெற்ற உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு விதித்த 14.5 விழுக்காட்டு வரி, மறு ஆண்டு ஜி.எஸ்.டி. வந்ததும் மறைந்தது, அதன்பின் மாநிலங்களுக்கு அந்தக் கருவி தனித்து இல்லை.

மாநிலத்தின் கையில் வேறு கருவிகள் உள்ளன. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகள் குடும்ப அட்டைதாரருக்கு லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வழங்குகின்றன; அதன் கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்றது. ஏழைக் குடும்பத்தின் அடுப்பெரிய அந்த எண்ணெய் உதவுகிறது என்பதால் அதை நிறுத்துவது கொடுமை. ஆனால் அதே மானியத்தைக் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ படிப்படியாக மாற்றுவதற்கான செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது அரசின் கடமை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதற்கு முந்தைய சத்துணவும் பசியைப் போக்கவே பிறந்தவை. குழந்தை நாள்தோறும் சூடாகச் சமைத்த உணவை வயிறார உண்டால் இடைவேளைப் பொட்டலத்தை நாடுவது குறையும் என்ற வகையில், உடற்பருமனுக்கு எதிரான உள்கட்டமைப்பாகவும் அவை உருப்பெறலாம். எடைக்குறைவும் அதிக எடையும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் நிலவும் நாட்டில் இவ்விரண்டையும் தனித்தனித் துறைகள் கவனிப்பது பொருந்தாது.

இதற்கிடையே மருந்துச் சந்தை வேகமெடுத்திருக்கிறது. பசியுணர்வைத் தணிக்கும் குடல் இயக்குநீரைப் போலச் செயல்படும் செமாகுளூடைடு ஊசிமருந்து எடைக் குறைப்புக்கென 2025 ஜூனில் இந்தியாவில் அறிமுகமானது. அதன் காப்புரிமைக் காலம் இந்தியாவில் 2026 மார்ச்சுடன் முடிவதால் மலிவான உள்நாட்டுத் தயாரிப்புகளுக்கு வழி திறக்கிறது. கடும் பருமனால் மூட்டும் இதயமும் நலிந்தவர்களுக்கு இம்மருந்து பெரும் ஆறுதல். அவர்களைச் சோம்பேறிகள் என்று பழித்துவந்த சமூகத்துக்கு, உடற்பருமன் ஒரு நோய் என்பதை அது உணர்த்தவும் கூடும். ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது என்பதாலும், நாட்டின் கால்வாசிப் பேருக்கு ஆயுள் முழுவதும் ஊசி போட எந்தக் கருவூலத்தாலும் இயலாது என்பதாலும், மருந்தைக் காரணம் காட்டி முத்திரையையும் வரியையும் ஒத்திப்போட இடமளிக்கக்கூடாது.

பிரிட்டன் தன் தீர்வையின் தொடக்க வரம்பை 5 கிராமிலிருந்து 4.5 கிராமாக இறக்கி, சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்த பால் பானங்களையும் 2028 ஜனவரி முதல் அதற்குள் கொண்டுவர முடிவு செய்திருக்கிறது. இந்தியாவில் 40 விழுக்காடு என்ற உச்ச விகிதத்தை 8 கிராமுக்கு மேற்பட்ட பானங்களுக்கு நிறுத்திக்கொண்டு, அதற்குக் கீழே இரண்டு படிகளை வகுத்து, நிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் அளிக்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. எல்லா மாநில அமைச்சர்களும் அமரும் ஜி.எஸ்.டி. மன்றத்தின் ஒரு கூட்டத்தில், தமிழ்நாடோ கேரளமோ முன்மொழியக்கூடிய ஒரு தீர்மானம் போதும்.